நாலுவழியை விட்டுவிட்டுப் பழைய ரோட்டில்: பாண்டி முதல் வெள்ளாறு வரை

வெள்ளி

விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் புது நான்குவழிச் சாலை பாண்டியையும் கடலூரையும் தொடாமல் மேற்கே சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அவசரமாகப் போகிறவர்களுக்கு நல்ல ரோடு. எங்களுக்கு அவசரம் இல்லை. பொங்கல் விடுமுறை நீண்டு கிடந்தது, மாமாவின் ஆம்னி வேனும் வாசலில் சும்மா நின்றது. "கடலூர் ரோட்டுல போய் எத்தனை நாளாச்சு மாப்ள" என்றார். அந்த ரோட்டில் வருஷக்கணக்காக பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

காகிதத்தில் இது தேசிய நெடுஞ்சாலை 32. முன்பு 45ஏ. மாமாவுக்கு எண்ணெல்லாம் கிடையாது, கடலூர் ரோடு, அவ்வளவுதான். பாண்டியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் எத்தனை பாலம் என்று பாருங்கள். இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும், சரக்கு படகில்தான் கரைக்கு வரும். படகு ஒதுங்க ஆற்று முகத்துவாரம் வேண்டும். அதனால் வந்தவன் ஒவ்வொருவனும் ஒரு ஆற்று வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த ஆற்று வாய்களை ஒட்டி ஊர்கள், ஊர்களைக் கோத்துக்கொண்டு இந்த ரோடு. நான்குவழிச் சாலையும் இதே ஆறுகளைத்தான் தாண்டுகிறது, ஆனால் மேற்கே, ஊர்களும் கோட்டைகளும் இல்லாத இடத்தில்.

முதலியார்பேட்டையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை) ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ரயில் போகும்வரை ஆலையின் நீண்ட மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1898-ல் தொடங்கிய ஆலை. ஒரு காலத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் இந்த ரோட்டில் பஸ்ஸை நகர்த்த முடியாது, சைக்கிள் வெள்ளம் என்றார் மாமா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கூரைகளைப் பெயர்த்துப் போட்டது, 2020-ல் ஆலையையே மூடிவிட்டார்கள். புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அதன்பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயர் இந்த ஊரில் இன்னும் மரியாதையோடு சொல்லப்படுவதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் பாலம். பாலத்தைக் கடந்ததும் கிழக்கே திரும்பி காக்காயந்தோப்பு வழியாக அரிக்கமேட்டுக்குப் போனோம். "அங்க என்ன இருக்கு, ரெண்டு சுவரு" என்று மாமா முணுமுணுத்தார். உண்மைதான். தோப்புக்கு நடுவே செங்கல் சுவர்கள் நிற்கின்றன. அவற்றையே ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்களின் குருமடம். ரோமாபுரி வணிகம் நடந்த இடம் நம் காலுக்குக் கீழே கிடக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மெருகுப் பாண்டங்களும் ஒயின் ஜாடிகளும் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலில் பல இடங்களுக்குக் காலம் குறிக்கவே ஒரு பிடி கிடைத்தது. பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. கிரேக்கக் கடலோடி ஒருவர் குறித்து வைத்த பொதுகே என்ற துறை இதுதான் என்பது பெரும்பாலோர் முடிவு.

மழை ஓய்ந்த காலம் என்பதால் ஆற்றுக் கரை அரித்திருந்தது. அந்த வெட்டில் ஓடுகள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன: சிவப்பு, கருப்பு, நடுவே செங்கல் துண்டு. மாமா கை நீட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. "எங்க சின்ன வயசுல மழை பேஞ்சா பசங்க இங்க மணி பொறுக்குவாங்க" என்றார். கண்ணாடி மணியும் கல் மணியும் செய்து ஏற்றுமதி செய்த பட்டறை ஊர் இது. இங்கே ஒரு காவலாளியும் நாலு வரிப் பலகையும் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ! பாண்டி அருங்காட்சியகத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

மறுபடி ரோட்டுக்கு வந்து நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றுப் படகுத்துறைக்கு வந்த கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு நின்றன. சங்கராபரணி ஆறு கடலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. தவளக்குப்பத்தில் பரோட்டா, சால்னா. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கிருமாம்பாக்கத்திலிருந்து மேற்கே பாகூர் போனோம். மூலநாதர் கோயிலின் சுவர் முழுக்கக் கல்வெட்டு. சோழர் காலத்து எழுத்துகளோடு, சோழநாட்டின் வடபகுதியைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தவையும் இருக்கின்றன. இதைவிட எனக்குப் பிடித்தது பாகூர்ச் செப்பேடு. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் இங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று கிராமங்களை விட்டுக்கொடுத்த பத்திரம் அது. இதே பாகூர் வெளியில் 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள், பிரெஞ்சுப் படை தோற்றது. நெல் அறுப்பு முடிந்த வயல்களில் கொக்குகளும் ஒரு அறுவடை மிஷினும் நின்றன. ஏரிக்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு, பக்கத்தில் மாமாவின் தங்கை வீட்டில் படுத்தோம்.

சனி

காலையில் கன்னியக்கோயில், முள்ளோடை. புதுச்சேரி எல்லை இங்கே முடிகிறது. பெட்ரோல் பங்கிலும் சாராயக் கடையிலும் கூட்டத்தைப் பார்த்தாலே எல்லை தெரிந்துவிடும், பலகை தேவையில்லை. நாங்களும் டேங்கை நிரப்பினோம், மாமா அடைக்கச் சொன்ன அளவுக்கு. தாண்டியதும் தமிழ்நாட்டு போலீஸ் சோதனைச் சாவடி, ஆம்னியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார்கள். பாகூரில் அத்தை கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு "போங்க பெரியவரே" என்றார் காவலர்.

மாமாவின் அப்பா காலத்தில் சோதனை இதைவிடக் கடுமை. 1941-ல் பிரெஞ்சு இந்தியாவோடு போட்டிருந்த சுங்க உடன்பாடு 1949-ல் முறிந்தது. அதோடு எல்லையைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் வந்துவிட்டது. வயல் ஒரு நாட்டில், வீடு ஒரு நாட்டில் என்று இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். தாத்தா சைக்கிளில் கடலூர் போய்வரும்போது டியூபைக்கூடப் பிதுக்கிப் பார்ப்பார்களாம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறிய பிறகுதான் நிம்மதி. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16.

ரெட்டிச்சாவடி தாண்டியபோதே ரோடு மெதுவானது. அப்போதுதான் மாமா நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். தை ஐந்து, ஆற்றுத் திருவிழா! எனக்குத் தெரிந்துதான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னதும், "இன்னிக்குப் பாலத்துல வண்டியைக் கொண்டாந்து விடுற டிரைவரு யாருன்னு நானே திட்டியிருக்கேன்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு: பொங்கலோடு சேர்த்து ஐந்தாம் நாள், தென்பெண்ணைக் கரை நெடுக இந்தத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வரும். மாட்டு வண்டி குறைந்து டிராக்டரும் மினி லாரியும் ஆகிவிட்டது. அலங்காரத்தோடு முருகன், பிள்ளையார், அங்காளம்மன், பெருமாள். எல்லாருக்கும் ஆற்றில் தீர்த்தவாரி. மணலில் பந்தல்போட்டு வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு சாமியைக் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினார்கள். ராட்டினம், பலூன், வளையல், கரும்பு, அப்புறம் கிழங்கு. ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்க் கிழங்கு வாங்காமல் வந்தால் வீட்டில் கேள்வி வரும். சாக்கின்மேல் மண் ஒட்டிய சுருளிக் கிழங்கைக் குவித்து வைத்து, பக்கத்திலேயே சிறுவள்ளிக் கிழங்கு. விற்ற அம்மா ஒன்றை அரிவாளால் வெட்டிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று, வெட்டிய இடத்தில் பால் போலச் சாறு. "வேகவச்சுத் தோலை உரி, உப்பு போட்டா போதும் தம்பி, வேற ஒண்ணும் வேணாம்." மாமா பேரம் பேசி இரண்டு கிலோ வாங்கினார்.

பாலத்தின் தூண்களில் வைக்கோலும் முள்ளும் பிளாஸ்டிக்கும் தலைக்கு மேல் உயரத்தில் சிக்கியிருந்தன. ஒன்றரை மாதத்துக்கு முன் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, மேலே மலைப்பக்கமும் கொட்டித் தீர்த்தது. 2024 டிசம்பர் 2 வாக்கில் சாத்தனூர் அணையிலிருந்து 1.5 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கிற ஆறு இது, கோடையில் பார்த்தால் வெறும் மணல். அந்த வாரம் கடலூர் ஓரத்துக் குப்பங்களுக்குள் புகுந்து வீடுகளை மூழ்கடித்தது. இப்போது அதே ஆற்றில் குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் நிற்கின்றன, அம்மன் குளிக்கிறாள்.

மஞ்சக்குப்பம் வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது. வண்டியை நிழலில் போட்டுவிட்டு ஆட்டோவில் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் கோட்டை இருந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். கெடிலம் கடலில் விழும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. மிச்சம் இருப்பது சிதிலமான சில சுவர்கள்.

1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் ஆங்கிலக் கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியது. கிரயத்தில் விசித்திரமான நிபந்தனை: கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள நிலமும் ஊரும் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? கையில் இருந்ததிலேயே தொலைவுக்குச் சுடும் பீரங்கியைக் கொண்டுவந்து நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூரில் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் இதுதான். ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடம் இங்கே வந்தது, 1752 வரை இருந்தது. இளம் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். பாண்டியில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பலமுறை முட்டிப் பார்த்தும் இதைப் பிடிக்க முடியவில்லை. அவரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஊரில் நடந்ததையெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்தார், பிடித்ததும் இடித்துத் தள்ளினார். மூன்றே வருஷத்தில் 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டியைத் தரைமட்டமாக்கிப் பழி தீர்த்தார்கள். நேற்று நாங்கள் டீ குடித்துக்கொண்டே கடந்த தூரம்தான் இரண்டு கோட்டைகளுக்கும் நடுவே. இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுபது எண்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கவே மாட்டார்கள்.

1783-ல் கடைசிச் சண்டை. கடலில் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹ்யூஸின் ஆங்கிலக் கப்பல்களும், கரையில் கடலூர் முற்றுகை. ஐரோப்பாவில் சமாதானமாகிவிட்டது என்ற செய்தி அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள்.

கிளைவ் குடியிருந்ததாகச் சொல்லப்படும் மஞ்சக்குப்பத்து கார்டன் ஹவுஸ் பிறகு கலெக்டர் வீடானது. வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே. கெடிலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலில் அர்த்தஜாம மணிக்குள் போய்விட்டோம். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய ஊர் இது. கரையேறவிட்டகுப்பம் என்று இடமே இருக்கிறது. இங்கேயும் கதையின் நடுவில் ஒரு ஆற்று வாய்.

ஞாயிறு

விடிவதற்கு முன்பே ஓ.டி. கடலூர் முதுநகரை யாரும் முதுநகர் என்று சொல்லிக் கேட்டதில்லை, பஸ்காரர்களுக்கு அது ஓ.டி. (ஓல்டு டவுன்), திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்.டி. (நியூ டவுன்). துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து கட்டிக்கொண்டிருந்தன. உப்பனாறும் பரவனாறும் கலந்து கடலுக்குப் போகும் இடம். ஏலம் கேட்கிற பெண்கள் கூடையைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவர் கூடைக்குள் கையை விட்டு அடிமீனை மேலே புரட்டினார், செவுளை விரித்துச் சிவப்பைப் பார்த்தார், விலையைச் சொன்னார். எல்லாம் மூன்று நொடி. மேல்மீனைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். சங்கரா கொஞ்சம், கவலை கொஞ்சம் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டோம்.

மேற்கே கேப்பர் மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, செம்மண் மேடு. கேப்பர் என்ற ஆங்கிலேயரின் பெயர். அங்கேதான் மத்திய சிறை. பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்த பாரதி, 1918 நவம்பர் 20 அன்று எல்லையைத் தாண்டிப் பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்ததும் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14 வரை இந்தச் சிறையில் வைத்திருந்தார்கள். நாங்கள் புளியோதரையைக் காட்டித் தாண்டிய எல்லை அவருக்கு இருபத்தைந்து நாள் ஜெயில்.

தெற்கே தொழிற்பேட்டை. ரசாயன ஆலைகளின் வாடை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் இதற்காகப் போராடிய வரலாறே தனி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் சவுக்குத் தோப்பும் மணலும் வந்தபிறகுதான் மூச்சு விட்டோம். பழைய புளியமரங்கள் இங்கே ஒன்றிரண்டு தப்பித்து நிற்கின்றன. அடிமரத்தில் கருப்பு வெள்ளை பட்டை, அதன்மேல் எண். எண் போட்டு, வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடுவார்கள். "மத்தியான டிரிப்புக்கு இந்த நிழல் இல்லன்னா நான் செத்திருப்பேன் மாப்ள. அந்தக் காலத்துல இஞ்சினு டிரைவரு பக்கத்துலதான் கொதிக்கும்." வெட்டிய மரங்களின் இடம் அவருக்கு இன்னும் கணக்காக ஞாபகம் இருக்கிறது. இந்த வளைவில் இரண்டு, அந்த மதகுக்குப் பக்கத்தில் ஒன்று என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பி.முட்லூரிலிருந்து கிழக்கே பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர்கள் போர்ட்டோ நோவோ என்று பெயர் வைத்த வெள்ளாற்று வாய். முஸ்லிம் வணிகர்களுக்கு இது மஹ்மூது பந்தர். இந்தப் பக்கத்து வெளியில்தான் 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். அதற்குச் சில நாள் முன்பு சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த ஹைதரின் ஆட்கள் இதே அயர் கூட்டின் படையை அடித்து விரட்டியிருந்தார்கள் என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் சொல்ல மாட்டார்கள். 1830-களில் இங்கே ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, கரியடுப்பு. காட்டை எரித்துக் கரியாக்கி இரும்பு செய்தால் எத்தனை நாள் தாங்கும்? அந்த நூற்றாண்டிலேயே மூடிவிட்டார்கள். இப்போது ஊரில் பெயர் பெற்ற இடம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம்.

படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எதிர்க்கரையைக் காட்டிக் கிள்ளை கதையைச் சொன்னார். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் தைக்காலில் முஸ்லிம்கள் மாலை மரியாதையோடு வரவேற்கிறார்கள். "நேத்து வந்த பழக்கமில்ல, எங்க தாத்தாவும் பார்த்திருக்காரு" என்றார். மாசி மகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும் கிடைத்தது. மாமா கொத்சுவை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார், கோயிலுக்கு இன்னொரு நாள் என்றார்.

திரும்பும்போது நான்குவழிச் சாலை. கொத்தட்டையில் சுங்கம் கட்டி, ஊரும் தெரியாமல் ஆறும் தெரியாமல் பாண்டிக்கு வந்துவிட்டோம். ஐஸ் பெட்டி இருந்ததால் அது சரிதான். மீன் கெடாமல் வீட்டுக்குப் போயிற்று, கிழங்கும் போயிற்று.

அடுத்தது கொள்ளிடம் தாண்டித் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய கரை. அப்புறம் காரைக்கால், நாகப்பட்டினம். ஆம்னிக்கு பிரேக் கட்டை மாற்றினால்தான் வருவேன் என்று மாமா சொல்லிவிட்டார். செலவு என்னுடையதாம்.